துளை விழுந்த கத்தரிக்காய்

டர்பன், புரட்டாசி

அன்புள்ள மாணிக்கம்,

உன் கடிதத்துக்குப் பதில் எழுதாமலே புரட்டாசி பிறந்துவிட்டது, பொறுத்துக்கொள். வீட்டில் அனைவரும் நலம். ஊறுகாய் வழக்கை நேரில் பேசித் தீர்ப்போம், அதுவரை உன் மாமியார் பக்கம் சாயாதே.

வார்விக் விடியற்காலைச் சந்தையில் கண்டதை உனக்குச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. விரத மாதம், தமிழ் வீடுகளில் சைவம் என்பதால் கூட்டம் நெருக்கியடித்தது. ஓர் அம்மாள், "மருந்தடிக்காத காய் இருக்கிறதா?" என்று கேட்டார், வெருலம் பக்கத்துத் தோட்டக்காரர் தனியாக வைத்திருந்த கூடையைக் காட்டினார். கத்தரிக்காய்களின் காம்படியில் குண்டூசித் தலையளவு துளை, சுற்றிலும் பழுப்பு வளையம். அம்மாள் ஒன்றைத் திருப்பிப் பார்த்து வைத்துவிட்டு, எதிர்க்கடையில் எண்ணெய் பூசினாற்போல் மின்னியதை இரண்டு கிலோ வாங்கிப் போனார். பின்னால் வந்தவர்களும் அப்படியே செய்தார்கள்.

மருந்தடித்தால் இத்தனை நாள் கழித்தே பறிக்க வேண்டும் என்று மருந்து டப்பாவிலேயே அச்சிட்டிருக்கிறது. புழு விழுந்த காயை நாம் ஒதுக்கிக்கொண்டே இருந்தால், விலை ஏறும் மாதத்தில் எந்தத் தோட்டக்காரர் அந்த நாட்களைக் காத்திருப்பார்? உப்புத் தண்ணீரில் ஊறவைத்தால் போதும் என்கிறார் பெரியக்கா. மேலே படிந்த மருந்தில் ஒரு பகுதி போகும். செடி உறிஞ்சி உள்ளே ஏற்றிக்கொண்டது போகாது.

2024 அக்டோபரில் ஜோகன்னஸ்பர்க் பக்கத்துச் சொவேட்டோவின் நலேடியில் ஆறு குழந்தைகள் டெர்புஃபாஸ் என்ற பூச்சிக்கொல்லி நஞ்சால் இறந்ததை நீ மறந்திருக்க மாட்டாய். காய்கறியால் வந்த சாவு அல்ல அது. வயலுக்கான அந்த மருந்து தெருக்களில் எலிமருந்தாக விற்கப்பட்டு வந்தது. 2025 ஜூனில் தென்னாப்பிரிக்க அமைச்சரவை அதைத் தடைசெய்ய முடிவெடுத்தது. எங்கள் தெருவில் "மருந்தடிக்காதது" என்று கேட்கும் குரல்கள் அந்தச் சாவுகளுக்குப் பிறகே கூடின. அந்த அச்சம் நியாயமானது, மாணிக்கம்; ஆனால் அது வாய்வரை வந்து கைக்கு வராமல் நின்றுவிடுகிறது.

ஆகவே நாங்கள் நான்கைந்து வீட்டார் சேர்ந்து, துளையோ வடுவோ பாராமல் அந்தத் தோட்டக்காரரின் கூடையை வாரந்தோறும் பேசிய விலைக்கு முழுதாக எடுத்துக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறோம். புழு இருக்கும் இடத்தை அரிந்து எறிந்தால் மிச்சம் குழம்புக்குத் தாராளம். சனிக்கிழமை அன்னதானத்துக்கு உங்கள் பீட்டர்மாரிட்ஸ்பர்க் கோயிலில் காய் வாங்குவது யார், அவர் இதற்கு இசைவாரா என்று விசாரித்து உடனே எழுது.

அன்புடன்,
ராஜு