நாம் சொன்னது வேறு, சாதனம் சொல்வது வேறு

ஆசிரியருக்கு,

இணையம் பல மணி நேரம் முடங்கினாலும் ‘தொழில்நுட்பக் கோளாறு’ என்பதோடு செய்தி முடிந்துவிடுகிறது. 2022 ஜூலை 8 அன்று கனடாவில் ரோஜர்ஸ் நிறுவனத்தின் சேவை நின்று 1.2 கோடிக்கும் மேற்பட்டோர் தவித்தபோது எந்தக் கருவியும் பழுதாகவில்லை. ரவுட்டர்களின் கன்ஃபிகரேஷனிலிருந்து, அதாவது அவை எப்படி நடக்க வேண்டும் என்று சொல்லும் அமைப்புகளின் தொகுப்பிலிருந்து, ஒரு வடிகட்டி விதி நீக்கப்பட்டது. வழித்தடத் தகவல்கள் மடை திறந்தாற்போல் மைய ரவுட்டர்களுக்குள் பாய்ந்து அவற்றைத் திணறடித்தன. ஒரு விதிக்கு இவ்வளவு வலிமை என்றால், அந்த விதிகளைக் கையாளும் மென்பொருளை எப்படி எழுதுகிறோம் என்பதும் பொதுவில் பேசவேண்டியதே.

கல்லூரியில் பொருள்நோக்கு நிரலாக்கம் பெரும்பாலும் ‘வாகனம் என்றொரு கிளாஸ், அதன் வாரிசுகள் கார், பேருந்து’ என்றுதான் தொடங்குகிறது. கிளாஸ் என்பது அச்சு, அதிலிருந்து வார்த்தெடுப்பது ஆப்ஜெக்ட். அதே பழக்கத்தில் நெட்வொர்க் சாதனங்களை நிர்வகிக்கும் மென்பொருளிலும் சாதனம், சுவிட்ச் (கணினிகளை இணைக்கும் கருவி), இன்ன கம்பெனியின் சுவிட்ச், இன்ன மாடல் என்று வாரிசு மரம் கட்டிவிடுகிறார்கள். ஒரே மாடலில் மென்பொருள் பதிப்பு மாறினாலே வசதிகள் மாறும், மரம் தாங்காது. சாதனத்துக்குள் போர்ட்கள் (கேபிள் செருகும் முனைகள்), விலான்கள் (ஒரே நெட்வொர்க்கைப் பிரிக்கும் எண்ணிட்ட உட்பிரிவுகள்), ரூட்டிங் (வழித்தடத் தேர்வு) ஆகியவற்றைத் தனித்தனி ஆப்ஜெக்டுகளாக வையுங்கள். ஒவ்வொரு கம்பெனியின் கட்டளை மொழிக்கும் மொழிபெயர்க்கும் கிளாஸ் தனியாக இருக்கட்டும்.

இதைவிடப் பெரிய பிழை, சாதனத்தின் ஒரு செட்டிங்குக்கு ஆப்ஜெக்டில் ஒரே ஒரு ஃபீல்டு (மதிப்பை வைக்கும் இடம்) வைப்பது. போர்ட்டின் வேகத்தைப் பாருங்கள். நிர்வாகி வைத்தது ‘ஆட்டோ’, அதாவது இருமுனையும் பேசி முடிவுசெய்யட்டும் என்பது. மறுமுனையில் பழைய கருவி இருப்பதால் இணைப்பு 100 மெகாபிட், ஃபுல் டூப்ளெக்ஸில் (ஒரே நேரத்தில் இருதிசையிலும்) ஓடுகிறது. மென்பொருள் சாதனத்தைப் படித்து, அதே ஃபீல்டில் 100 என்று எழுதிக்கொள்கிறது. அடுத்த முறை யாரோ போர்ட்டின் பெயரை மட்டும் மாற்றிச் சேமிக்கிறார். ஆப்ஜெக்ட் முழுவதும் திரும்பப் போகிறது, ‘100, ஃபுல்’ நிலையான கட்டளையாகிவிடுகிறது. ஆட்டோவில் இருக்கும் மறுமுனைக்குப் பேச்சுவார்த்தை நடத்த ஆளில்லை. வேகத்தைக் கண்டுபிடித்துவிடும்; டூப்ளெக்ஸ் தெரியாமல் ஹாஃபுக்கு (ஒரு நேரத்தில் ஒரு திசை மட்டும்) இறங்கும். இணைப்பைச் சோதிக்கும் சிறு செய்தியான பிங் ஒழுங்காக வரும், பெரிய ஃபைல் மட்டும் நகராது. ஒருமுனையில் சிஆர்சி பிழை (சிதைந்து வந்த தரவு), மறுமுனையில் லேட் கொலிஷன் (தாமதமாகத் தெரியும் மோதல்). கேபிளை மாற்றி மாற்றிப் பார்ப்பார்களே தவிர, மென்பொருளை யாரும் சந்தேகிக்க மாட்டார்கள்.

ஆகவே விரும்பிய நிலைக்கு ஒரு ஆப்ஜெக்ட், சாதனம் தெரிவிக்கும் நிலைக்கு வேறொரு ஆப்ஜெக்ட் வேண்டும். இரண்டாவதைப் படிக்கலாம், எழுத முடியாது. இது புதிய யோசனை அல்ல. 2002இல் நடந்த ஒரு பட்டறையில் நெட்வொர்க்குகளை இயக்குபவர்களே இந்தப் பிரிவினையைக் கேட்டார்கள். அதன் அறிக்கை, ஆர்எஃப்சி என்ற இணையத் தொழில்நுட்ப ஆவண வரிசையில் 3535. அதன் பிறகு சாதனங்களின் கன்ஃபிகரேஷனை மாற்றும் நெறிமுறையான நெட்கான்ஃப் 2006இலும், அந்தத் தகவலின் வடிவத்தை விவரிக்கும் யாங் மொழி 2010இலும் வந்தன. 2018இல் வந்த ஆர்எஃப்சி 8342, விரும்பிய நிலைக்கும் நடப்பு நிலைக்கும் தனித்தனிக் கிடங்குகளையே வகுத்தது. ஆனால் கிளாஸ் எழுதும்போது இரண்டையும் மறுபடி ஒட்டிவிடுகிறோம்.

அடுத்தது வெற்றிடம். எம்டியு (ஒரே தடவையில் அனுப்பக்கூடிய தரவின் உச்ச அளவு) 1500 என்று நாமே எழுதியதும், யாரும் எழுதாமல் டீஃபால்டாக (சாதனம் தானே வைத்திருக்கும் மதிப்பாக) 1500 இருப்பதும் ஒன்றல்ல. எண்ணுக்கு 0, ஆம்/இல்லை மதிப்பான பூலியனுக்கு ஃபால்ஸ் (இல்லை) என்று மொழி தானாகத் தரும் மதிப்பை ‘அமைக்கவில்லை’ என்பதற்குப் பயன்படுத்தினால், யாரும் கேட்காமலே போர்ட் மூடப்படும். ‘அமைக்கவில்லை’ என்பதற்குத் தனி நிலை வேண்டும். சில சாதனங்கள் டீஃபால்டுக்குச் சமமான மதிப்பைத் திருப்பிச் சொல்வதே இல்லை. நாம் 1500 அனுப்பினோம், பதிலில் எம்டியு இல்லை. வித்தியாசம் இருக்கிறதென்று மென்பொருள் ஒவ்வொரு சுற்றிலும் மறுபடி அனுப்பும். எம்டியு எழுதினாலே போர்ட் ஒருமுறை விழுந்து எழும் சாதனத்தில் இதுவே தீராத தலைவலி. டீஃபால்டு என்ன என்பதைப் பதிப்புவாரியாக மொழிபெயர்க்கும் கிளாஸில் வைத்து, ஒப்பிடும் முன் இருபுறமும் நிரப்பிக்கொள்ள வேண்டும்.

பட்டியல்களிலும் கவனம் தேவை. சிஸ்கோ கம்பெனியின் சாதன இயங்குதளமான ஐஓஎஸ்ஸில், பல விலான்களைச் சுமக்கும் டிரங்க் போர்ட்டுக்கு 10, 20, 30 விலான்கள் அனுமதிக்கப்பட்டிருக்க, 40ஐச் சேர்க்கையில் ‘ஆட்’ (add) என்ற சொல்லை விட்டுவிட்டால் 40 மட்டுமே மிஞ்சும். பட்டியல் கிளாஸில் ‘சேர்’, ‘நீக்கு’, ‘முழுதாக மாற்று’ மூன்றும் தனித்தனி மெத்தட்களாக (ஆப்ஜெக்ட் செய்யும் செயல்களாக) இருக்கட்டும். 1 முதல் 4094 வரை என்ற எல்லையை விலான் ஆப்ஜெக்ட் தானே சோதிக்கட்டும், எண்ணை உள்ளிடும் திரை சோதித்திருக்கும் என்று நம்ப வேண்டாம்.

விலானை உருவாக்கிய பிறகே போர்ட்டை இணைக்க வேண்டும், நீக்கும்போது வரிசை தலைகீழ். இந்தச் சார்பை ஆப்ஜெக்டுகளே சொல்லட்டும். நிர்வாக இணைப்பையே துண்டிக்கக்கூடிய மாற்றத்துக்கு நெட்கான்ஃபின் உறுதிசெய்யும் கமிட் (மாற்றத்தை அமலாக்கும் கட்டளை) இருக்கிறது: நாம் கேட்ட நேரத்துக்குள், சொல்லாவிட்டால் 600 விநாடிக்குள், உறுதி வரவில்லையென்றால் சாதனம் தானே பழைய நிலைக்குத் திரும்பும். சாதனம் இதை ஆதரிக்கிறதா என்பதை இணைப்பின் தொடக்கத்தில் அது அனுப்பும் முதல் ஹலோ செய்தியிலேயே பார்த்துக்கொள்ளலாம்.

வடிவமைப்பு சரியா என்று பார்க்க ஒரு சோதனை உண்டு. ஒரு சுவிட்சைப் படியுங்கள், எதையும் மாற்றாமல் சேமியுங்கள். சாதனத்துக்கு ஒரு கட்டளைகூடப் போகக் கூடாது. போனால், அந்தக் கட்டளை எந்த ஃபீல்டிலிருந்து பிறந்தது என்று தேடத் தொடங்குங்கள்.

இப்படிக்கு,
நெட்வொர்க் மென்பொருள் பொறியாளர், கோவை