பெரகல இறக்கத்தில் நடந்தது

அப்புத்தளை
2026 பெப்ரவரி, வியாழன் இரவு

அன்புள்ள மச்சான்,

நீ தீபாவளிக்கு முன் எழுதிய கடிதத்துக்கு இன்னும் பதில் போடவில்லை. கோத்தகிரியில் இருந்து நீ திட்டுவது இங்கே கேட்கிறது. திட்டி முடித்துவிட்டு மேலே படி. வீட்டில் எல்லோரும் சுகம். டித்வா புயலில் கூரைத் தகரம் இரண்டு போனது, அவ்வளவுதான். மற்றவர்களுக்குப் போனதைப் பார்க்கும்போது அதைச் சொல்லவே கூச்சமாக இருக்கிறது.

வாட்ஸ்அப்பில் நாலு வார்த்தை பேசியிருக்கலாமே என்பாய். என் போனை முதலில் பார்ப்பது உன் தங்கச்சி. கண்ணாடி இல்லாமலே பார்க்கிறாள். இது அவளுக்குத் தெரியக்கூடாத விஷயம். அதனால்தான் தாள்.

பொங்கலுக்குப் பிறகு ஒருநாள் பம்பரகந்தை நீர்வீழ்ச்சிக்கு ஒரு ஹயர். ஜெர்மன்காரர் ஒருவர், மனைவி, பத்து வயதுப் பெண்பிள்ளை. காலையில் நல்ல மூடுபனி. பெரகல இறக்கம் உனக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. பாதி இறங்கியிருப்போம், ஒரு வளைவுக்கு முன்னால் பிரேக்கை மிதித்தேன். பெடல் நேராகத் தரைக்குப் போய்விட்டது. மறுபடி மிதித்தேன், மறுபடியும் தரை. சோற்றில் கால் வைத்தது போல இருந்தது.

மூன்றாவது கியரில் இருந்தேன். நம்ம லேண்ட்ரோவரில் இரண்டுக்கும் ஒன்றுக்கும், கியரை வழுக்கிக்கொண்டு விழவைக்கும் சின்க்ரோ கிடையாது என்பதை நீ மறந்திருக்கமாட்டாய், உன் பல்லே சாட்சி. டபுள் கிளட்ச் அடித்து, நடுவில் ஒரு ரேஸ் கொடுத்து இரண்டாவதை விழுத்தினேன். அது விழுந்த சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. பிறகு ஹேண்ட்பிரேக். இந்த வண்டியில் அது சக்கரத்தைப் பிடிப்பதில்லை, கியர்பெட்டிக்குப் பின்னால் ஷாஃப்டைப் பிடிக்கிறது. பிரேக் எண்ணெய்க்கும் அதற்கும் சம்பந்தமில்லை. அதுதான் காப்பாற்றியது. ஓடும் வண்டியில் அதை இழுக்கவே கூடாது என்று அப்பா அடித்துச் சொல்வார். இழுத்தேன். மலைப்பக்கத் தண்ணீர்க் கானில் இடது சக்கரத்தை இறக்கி, மண்மேட்டில் உரசி நின்றேன்.

இனிமேல்தான் வேடிக்கை. அந்த மனிதர், நான் படம் எடுப்பதற்காக நிறுத்தினேன் என்று நினைத்துக்கொண்டார். மனைவியும் அவருமாக இறங்கி மூடுபனியைப் படம் எடுத்தார்கள். “வெரி நைஸ்” என்றார். நானும் “யெஸ் யெஸ்” என்றேன். பிள்ளை மட்டும் இறங்கவில்லை. என் கை ஸ்டியரிங்கில் ஆடிக்கொண்டிருந்ததைப் பார்த்துவிட்டது போல. பின்னால் இருந்து ஒரு டொபியை நீட்டியது.

அவர்களை வேறு வேனில் ஏற்றி அனுப்பினேன், காசு வாங்கவில்லை. வீட்டில் ‘பெல்ட் அறுந்துவிட்டது’ என்று சொல்லிவைத்திருக்கிறேன்.

இதில் யாரையும் குறை சொல்ல முடியாது மச்சான். பின்சக்கர சிலிண்டரில் ரப்பர் கப் போயிருந்தது. டயரின் உள்பக்கம் ஈரமாக இருந்ததை மூன்று வாரம் முன்னாலேயே பார்த்தேன். எண்ணெய் குறையக் குறைய ஊற்றிக்கொண்டே வந்தேன். பொங்கல் சீசன் முடியட்டும், ஒரேயடியாகச் செய்யலாம் என்று. அறுபதுகளில் வந்த வண்டி, நாலு சக்கரத்துக்கும் ஒரே எண்ணெய்ச் சுற்று. ஒரு மூலையில் ஒழுகினால் நாலும் போகும். இப்போது வருகிற வண்டிகளில் இரண்டு தனிச் சுற்று, ஒன்று போனாலும் மற்றது பாதியாவது பிடிக்கும். இது எனக்குத் தெரியாததா? முப்பது வருஷமாகத் தெரியும். தெரிந்துதான் அந்தப் பிள்ளையைப் பின்னால் ஏற்றினேன்.

அன்றையில் இருந்து ஹயருக்கு எடுக்கவில்லை. வீட்டில் இப்போது ஒரே பேச்சு, வண்டியை மாற்றுவதுதான். பெல்ட் அறுந்த கதைக்கே இவ்வளவு பேச்சு என்றால் உண்மை தெரிந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பார்.

கத்தாரில் இருக்கும் பெரியவன், சுசுகி ஜிம்னி ஜீப் எடுங்கள் என்று ஒற்றைக்காலில் நிற்கிறான். சுசுகி என்றால் எனக்கு நம்ம தபால் ஐயாவின் மோட்டார் சைக்கிள்தான் ஞாபகம் வரும் என்றேன். கோபித்துக்கொண்டு இரண்டு நாள் பேசவில்லை. பிறகு எனக்கே மனம் கேட்காமல், பண்டாரவளையில் ஒரு டொக்டர் வைத்திருக்கிறார் என்று கேள்விப்பட்டு, போய் அவரிடம் கெஞ்சி ஒரு சுற்று ஓட்டினேன். கையோடு அளவு நாடாவும் கொண்டுபோனேன். சிரிக்காதே.

முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் இடையில் 2,250 மில்லிமீற்றர். நம்முடையது 88 அங்குலம், கணக்குப் போட்டால் 2,235. வித்தியாசம் அரை அங்குலம்தான். 1948-ல் வெள்ளைக்காரன் வயலில் ஓடச் செய்த வண்டியின் வம்சமும் 2018-ல் ஜப்பான்காரன் செய்த வண்டியும் காலை அகட்டி நிற்பது ஒரே மாதிரி. குனிந்து பார்த்தேன். தனிச் சேசி இருக்கிறது. முன்னும் பின்னும் முழு அச்சு. போர் வீல் போட பட்டன் இல்லை, தரையில் குட்டிக் கம்பு. எல்லாம் நம்ம வீட்டுச் சாமான். பட்டை ஸ்பிரிங் இருந்த இடத்தில் சுருள் ஸ்பிரிங், அதுதான் முதுகுக்குத் தெரிகிற வித்தியாசம். அந்தக் கம்பைப் பார்த்ததும் நம்ம வண்டியில் போர் வீல் போட அமுக்கும் மஞ்சள் குமிழ் ஞாபகம் வந்து, டொக்டர் முன்னால் தனியாகச் சிரித்துவிட்டேன்.

ஓட்டினால் எப்படி என்று கேட்பாய். ஒரு விரலில் திரும்புகிறது. இறக்கத்தில் ஒரு பட்டனை அமுக்கினால் தானாகவே பிடித்துப் பிடித்து இறங்குகிறது, என் கால் சும்மா இருந்தது. அரை மணி நேரம் முழுக்க அந்தக் கால் என்ன செய்வதென்று தெரியாமல் தவித்தது. இடது முழங்கால் வீங்கவில்லை. வீட்டுக்கு வந்து இதைச் சொல்லாமல் மறைத்தேன், சொன்னால் வாதத்தில் தோற்றுவிடுவேனே.

குறை இல்லாமலும் இல்லை. பின்சீட்டை மடக்காமல் வைத்தால் சாமான் வைக்க 85 லீற்றர் இடம்தான். ஒரு கரட் கூடை வைத்தால் கதவு மூடாது. ஆள் நாலு பேர். நம்ம வண்டியில் முன்னால் மூன்று, பின்னால் நாலு, திருவிழா என்றால் கணக்கே இல்லை. லிப்டன் சீட் மலையுச்சிக்குப் போகிற ஹயருக்கு நாலு பேர் போதும் என்கிறான் பையன். விடியற்காலை ஐந்து மணிக்கு வருகிறவர்கள் பழைய வண்டி என்றால்தான் ஏறுகிறார்கள், புதிதென்றால் மலிவாக த்ரீவீலில் போய்விடுவார்கள் என்கிறேன் நான். இதுவும் முழு உண்மை இல்லை. பிள்ளைகளோடு வருகிறவர்கள் இப்போதெல்லாம் முதலில் கேட்பது சீட் பெல்ட். நான் “ஓல்ட் ஜீப், நோ பெல்ட்” என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தவன். இனி அதைச் சொல்ல வாய் வராது.

விலை? 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள், தனியார் வாகனங்களுக்குத் திரும்பத் திறந்தது 2025 பெப்ரவரியில். ஐந்து வருஷம் பட்டினி கிடந்த நாடு, என்ன விலை சொன்னாலும் வாங்க ஆள் இருக்கிறது. வரியை எஞ்சின் சீசீ கணக்கில் போடுகிறார்கள், அதன்மேல் இன்னொரு வரி, அதன்மேல் வட். மொத்தத்தை இங்கே எழுதினால் கனம் கூடி முத்திரைக் காசு அதிகமாகும். பெரியவன் பாதி போடுகிறானாம், மீதி லீசிங். அறுபது வயதில் லீசிங்!

நீ ‘லேண்ட்ரோவரிலேயே டிஃபென்டர் பாருடா’ என்பாய். பார்த்தேன். 2016 ஜனவரியில் இங்கிலாந்தில் கடைசி வண்டி இறங்கியதோடு பழையதெல்லாம் பொன் விலை. இப்போது அதே பெயரில் வருவது ஸ்லோவாக்கியாவில் செய்கிற வேறு வண்டி, அது அமைச்சர்மாருக்கு.

அப்படியென்றால் இருப்பதையே சரி செய்தால் என்ன? கராஜ் மெக்கானிக் பாஸிடம் கேட்டேன். இரட்டைச் சுற்றுப் பிரேக் மாற்றலாம், மிதிக்க இலேசாக்கும் சர்வோ வைக்கலாம், பவர் ஸ்டியரிங்கும் ஜப்பான் வண்டியிலிருந்து கழற்றிப் போடலாம், இரண்டு கிழமை வேலை என்றார். எனக்கு உயிர் வந்தது. அப்புறம் கீழே படுத்து, ஸ்க்ரூ டிரைவரால் பின் சேசியை ஒரு குத்துக் குத்தினார். கைப்பிடி வரை உள்ளே போய்விட்டது. நாம் இத்தனை வருஷம் ‘அலுமினியம் பாடி, துருப்பிடிக்காது’ என்று ஊரெல்லாம் பீற்றிக்கொண்டோமே, மேலே அலுமினியம், கீழே இரும்பு. பாஸ் ஒன்றும் பேசாமல் ஸ்க்ரூ டிரைவரைத் துடைத்தார்.

இதற்கிடையில் கொழும்பில் இருந்து ஒருவர் வந்தார். பழைய வண்டி சேர்ப்பவராம். நம்ம ஸ்ரீ நம்பர் தகட்டைப் பார்த்து முகம் மலர்ந்தது. முன் விளக்கு இரண்டும் கிரில்லுக்குள்ளேயே இருப்பதைத் தடவிப் பார்த்து இன்னும் மலர்ந்தது. பொனட்டைத் திறந்து உள்ளே நிஸ்ஸான் எஞ்சினைக் கண்டதும் பாவம், பிணத்தைப் பார்த்த மாதிரி ஆகிவிட்டார். பெட்ரோல் எஞ்சினைக் கழற்றி டீசல் போட்ட குற்றத்துக்கு என்னை அரை மணி நேரம் விசாரித்தார். ஐயா, 2022-ல் டீசல் 460 ரூபா விற்றது, கியூஆர் காட்டினால் வாரத்துக்கு இருபது லீற்றர், அதற்கும் நான் இரண்டு ராத்திரி வரிசையில் படுத்தவன், பழைய எஞ்சின் இருந்திருந்தால் வண்டி அன்றைக்கே கோழிக்கூடு ஆகியிருக்கும் என்றேன். அவருக்கு அது விளங்கவில்லை. ஆனாலும் அவர் சொன்ன விலை நான் நினைத்ததைவிட நல்ல விலை. சேசியே புதிதாகப் போட்டு, பச்சை அடித்து, ஞாயிற்றுக்கிழமைகளில் ஊர்வலம் போவாராம்.

விலை பேசிவிட்டு, ஒரு ரவுண்ட் போகலாமா என்று கேட்டு, முன்னால் இடது பக்கம் ஏறிச் சட்டென்று உட்கார்ந்தார்.

உனக்குத் தெரியும் அது எந்த சீட் என்று. அப்பா அதைத் ‘துரை சீட்டு’ என்றுதான் சொல்வார். வெள்ளைத் துரை போய், 75-ல் தோட்டம் அரசாங்கத்துக்கு வந்து, 92-ல் கொம்பனிகளுக்குப் போனபோது கழித்துவிட்ட சாமான்களோடு இதை ஏலத்தில் எடுத்தேனே, அப்போது சாவியை அப்பா கையில் கொடுத்தேன். கண் தெரிகிற வரைக்கும் ஓட்டினார். கண் போன பிறகு நான் ஓட்டும்போது முன்னால் வாங்கப்பா என்றால் வரமாட்டார். பின் பெஞ்சில் கொழுந்துச் சாக்கோடு சாக்காக உட்காருவார். கடைசியாக ஆஸ்பத்திரிக்குப் போன அன்றும் அப்படித்தான். நான் அதட்டினேன். “நான் பின்னாலயே இருக்கேன்டா, நீ ரோட்டப் பாரு” என்றார்.

அந்த மனிதர் உட்கார்ந்ததில் பிழை ஒன்றுமில்லை. காலியாக இருந்த சீட். எனக்குத்தான் விலை பேசவே பிடிக்காமல் போய்விட்டது. ஞாயிற்றுக்கிழமை முன்பணத்தோடு வருகிறேன் என்று போயிருக்கிறார்.

இது வெறும் ஞாபகம், ஞாபகத்துக்காக யாரும் பிரேக் இல்லாத வண்டி வைத்திருப்பார்களா என்று சின்னவள் கேட்கிறாள். பிரேக் பற்றி அவளுக்கு எப்படித் தெரிந்தது என்று யோசிக்கிறேன். டயரைப் பார்த்திருப்பாள். டீச்சர் அல்லவா, அம்மாவிடம் சொல்லவில்லை. மூன்று தடவை நம்ம வண்டியை ஓட்டப் பார்த்தாள், கிளட்ச் காலுக்கு இறங்கவில்லை. “எனக்கு ஓட்ட முடியாத வண்டியை எனக்கு வைத்துப் போகாதீங்கப்பா” என்றாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள்.

இன்னொன்றும் சொல்லவேண்டும். 2014-ல் மீரியபெத்தையில் மண் சரிந்தபோது கொஸ்லந்தைப் பள்ளிக்கூட முகாமுக்கு இந்த வண்டியில் எத்தனை நடை போனேன் என்று உனக்கு எழுதியிருந்தேன். அதிலிருந்து, நம்ம வண்டி போகாத இடமில்லை என்று ஒரு தலைக்கனம் எனக்கு. போன நவம்பரில் டித்வா வந்தது. சாவியை எடுத்துக்கொண்டு ஓடினேன். ரோட்டையே காணோம். ரோடு இல்லாத இடத்தில் நாலு சக்கரமும் சுற்றி என்ன செய்ய? அரிசியைத் தோளில் வைத்துக்கொண்டு நடந்தோம். லேண்ட்ரோவரோ ஜிம்னியோ, எதுவும் போயிருக்காது.

நீ பழைய மகேந்திராவை விற்று ‘தார்’ ஜீப் எடுத்தபோது நான் உன்னை என்னென்ன சொன்னேன்! ‘ஏசி போட்ட ஜீப்பும் ஜீப்பா’ என்று ஒரு பக்கம் முழுக்கக் கிண்டல். அந்தக் கடிதம் இருந்தால் எரித்துவிடு. அதற்கு நீ எழுதிய பதிலை எடுத்து வைத்து மறுபடி படித்தேன். தாரின் குதிரை சக்தி எல்லாம் எழுதியிருக்கிறாய். விற்ற அன்று ராத்திரி தூங்கினாயா என்று எழுதவில்லை. அதைத்தான் கேட்கிறேன். அந்த மகேந்திராவை ரோட்டில் பிறகு எப்போதாவது பார்த்தாயா? யார் ஓட்டினார்கள்?

82-ல் இந்தியாவுக்குப் போன உங்கள் குடும்பத்தை ரயில் ஏற்ற, பெரிய துரைக்குத் தெரியாமல் அப்பா இந்த வண்டியில்தான் ஸ்டேஷனுக்குக் கொண்டுவந்தார். உங்கள் அம்மாவின் தகரப் பெட்டி உரசிய கோடு பின்கதவின் உள்பக்கம் இன்னும் இருக்கிறது. மூன்று தடவை பெயின்ட் அடித்தும் தெரிகிறது. அந்தக் கொழும்புக்காரர் அதைத் தட்டி நேராக்கிவிடுவார், அவர் வேலை அது. நான் என்ன, கதவைக் கழற்றி உனக்குப் பார்சலா அனுப்ப முடியும்?

இந்தக் கடிதம் உன் கைக்கு வர இரண்டு கிழமையாவது ஆகும். அதற்குள் ஞாயிறு வந்து போயிருக்கும். அன்று பின்னேரம் வாட்ஸ்அப்பில் உனக்கு ஒரு படம் வரும். வாசலில் வண்டி நிற்கும், அல்லது வெறும் வாசல். எதுவானாலும் பெருவிரல் போடாதே, போன் எடு. உன் தங்கச்சி எடுத்தால் பெல்ட் அறுந்தது என்றே பேசு.

அங்கே தங்கச்சிக்கும் பேரப்பிள்ளைக்கும் என் அன்பு. முழங்காலுக்கு நீ சொன்ன எண்ணெய் இங்கே கிடைக்கவில்லை, யாராவது வந்தால் ஒரு போத்தல் கொடுத்தனுப்பு.

உன்
ராஜு