குட்டை ரோஜா என்று விற்றுக் கொடி ரோஜாவை அனுப்பியது குறித்துப் புகார்

அனுப்புநர்:
பால்கனித் தோட்ட வாடிக்கையாளர்,
கோயம்புத்தூர்.

பெறுநர்:
குறைதீர் அலுவலர்,
இணையவழி நர்சரி நிறுவனம்.

பொருள்: ‘காம்பாக்ட் ஃப்ளோரிபண்டா’ (கொத்தாகப் பூக்கும் குட்டை ரோஜா) என்ற பெயரில் வாங்கிய ஐந்து ரோஜாச் செடிகளில் நான்கு விளம்பரப்படி இல்லாதது – பணத்தைத் திருப்பித் தரக் கோருதல்.

ஐயா / அம்மையீர்,

சென்ற ஐப்பசியில் உங்கள் தளத்தில் ஐந்து ‘ஐஸ்பெர்க்’ என்ற வெள்ளை ரோஜாச் செடிகளையும், அவற்றோடு சேர்த்து விற்ற வெள்ளைத் தொட்டிகளையும் வாங்கினேன். படத்துக்குக் கீழே ‘காம்பாக்ட் ஃப்ளோரிபண்டா, 2 முதல் 2½ அடி உயரம், பால்கனிக்கும் தொட்டிக்கும் ஏற்றது’ என்று போட்டிருந்தீர்கள். அந்த ஒரு வரிக்காகத்தான் வாங்கினேன். எங்கள் பால்கனி நான்கடி அகலம்தான். காலையிலிருந்து மதியம் வரை நல்ல வெயில் விழும், ஆனால் கொடி படர இடமில்லை. கொத்தாகப் பூக்கும் குட்டைச் செடியைத் தவிர வேறெதையும் அங்கே வைக்க முடியாது.

வந்த ஐந்தில் சொன்னபடி இருப்பது ஒன்றே ஒன்று. மூன்று கொடிகள். மீதி ஒன்றில் மேலே ஒட்டிய ரோஜா பட்டுப்போய், அதை ஒட்டுவதற்கு அடியில் வைத்த காட்டு ரோஜாவான வேர்ச்செடி மட்டும் செழித்து நிற்கிறது.

சரியாக வந்த செடியைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் உங்கள் வாட்ஸ்அப் சேவையிலிருந்து வந்த முதல் பதிலே ‘உரம், தண்ணீர், வெயில் சரியாக இருக்கிறதா பாருங்கள்’ என்பதுதான். ஐந்தும் ஒரே நாளில், ஒரே வரிசையில், ஒரே மண்கலவையில் வைத்தவை: செம்மண், மக்கிய தொழு உரம், கோகோபீட், கொஞ்சம் வேப்பம்பிண்ணாக்கு. அந்த ஒரு செடி மூன்றடியில் புதராக நின்று, ஒரு காம்பில் ஏழெட்டுப் பூ வைத்துக் கொத்து விடுகிறது. குளிர் நாளில் மொட்டில் லேசாக இளஞ்சிவப்பு ஓடும், விரிந்தால் சுத்த வெள்ளை. வாடிய கொத்தை அதன் கீழே உள்ள நல்ல இலைக்கு மேல் வெட்டிவிட்டால் கொஞ்ச நாளில் அடுத்த கொத்துக்குத் தயாராகிவிடுகிறது. நீங்கள் எழுதியதைவிட அரையடி கூடுதல் என்று நான் சண்டைக்கு வரவில்லை. இரண்டரை அடி என்பது குளிர் நாட்டுக் கணக்கு, வெயில் ஊரில் ஐஸ்பெர்க் நாலடியைத் தாண்டுவதும் உண்டு. வளர்ப்பில் குறை இருந்தால் இந்தச் செடியிலும் அது தெரிந்திருக்க வேண்டும் அல்லவா?

கொடிகளுக்கு வருகிறேன். மார்கழி முடியும்வரை மூன்றும் மற்றச் செடியைப் போலவேதான் இருந்தன. தை பிறந்ததும் அடியிலிருந்து விரல் கனத்தில் தண்டுகள் கிளம்பின. புதர் ரோஜாவில் புதுத் தண்டு ஓரளவு வளர்ந்ததும் நுனியில் கொத்துக் கட்டி நின்றுவிடும். இவை நிற்கவே இல்லை. கிரில் கம்பிக்குள் நுழைந்து வெளியே வளைந்து, இப்போது மேல்வீட்டு அக்காவின் துணிக்கொடியை எட்டிவிட்டன. போன வாரம் அவருடைய சேலை ஒன்று முள்ளில் மாட்டி, நூல் இழுத்துக்கொண்டது. பூ வந்ததெல்லாம் ரொம்பப் பிற்பாடு, அதுவும் சாய்ந்த தண்டுகளின் பக்கக் கிளைகளில். அதே வெள்ளை, அதே கொத்து. பூவை வைத்துக் கண்டுபிடிக்க முடியாது என்பதுதான் இதில் விஷயமே. இது ‘கிளைம்பிங் ஐஸ்பெர்க்’. ஜெர்மனியின் கோர்டெஸ் என்ற ரோஜா நிறுவனம் 1958இல் வெளியிட்ட புதர்ச் செடியில் தானாக மாறி வளர்ந்த கிளையிலிருந்து 1968இல் வந்த தனி ரகம். ரோஜா விற்பவர்களுக்கு இது புதுச் செய்தி அல்ல. உங்கள் தாய்ச்செடிகளில் இரண்டும் கலந்திருக்க வேண்டும், அல்லது கொடியிலிருந்து மொட்டெடுத்து ஒட்டியிருக்க வேண்டும்.

‘கவாத்து செய்து குட்டையாக வைத்துக்கொள்ளுங்கள்’ என்றார் உங்கள் பிரதிநிதி. கொடி ரோஜாவின் நீளத் தண்டை வெட்டினால் அதில் பூக்க வேண்டிய பக்கக் கிளைகளும் போய்விடும், செடி மறுபடி நீளத் தண்டைத்தான் விடும். பூக்காத முள்செடியை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது?

அப்புறம் அந்த ஐந்தாவது செடி. கறுப்புக் கவருக்குள் எல்லாச் செடிகளுமே இறுகிய களிமண் உருண்டையில்தான் வந்தன. ‘மண்ணைக் கலைக்காமல் நடவும்’ என்று உங்கள் துண்டுச்சீட்டு சொல்கிறது. அப்படியே நட்டால் தொட்டியின் லேசான கலவை வழியாகத் தண்ணீர் இறங்கிவிடும், உருண்டையின் உள்ளே வேர் காய்ந்து கிடக்கும். அதனால் வாளித் தண்ணீரில் ஊறவைத்துக் கரைத்தேன். கரைந்தபோது இந்த ஒரு செடியில், மண்ணுக்குள் புதைந்திருந்த ஒட்டின் மேல் பிளாஸ்டிக் நாடா அவிழ்க்கப்படாமலே இருந்தது. நாடா இறுக்கியதில் தண்டில் மோதிரம் போட்டதுபோல் பள்ளம். ஒட்டு பிடித்ததும் நாடாவை அறுத்துவிட வேண்டும் என்பது ஒட்டுக் கட்டுகிறவர்களுக்குப் பாலபாடம். அன்றே படமெடுத்து அனுப்பினேன். ‘செடி உயிரோடுதானே இருக்கிறது’ என்று பதில் வந்தது. நாடாவை அறுத்து எடுத்தும் பயனில்லை. பங்குனியில் நுனியிலிருந்து கறுக்கத் தொடங்கி, ஒட்டுவரை பட்டுப்போனது. கீழிருந்து வேர்ச்செடி கிளம்பியது.

அதற்கும் ஒரு விளக்கம் சொன்னீர்கள்: ‘காம்பில் ஏழு இலை இருந்தால் காட்டுச் செடி, வெட்டி எறியுங்கள், ஐந்திலைத் தளிர் வரும்’. ஏழிலைக் கணக்கு நம்பத்தக்கதல்ல. ஃப்ளோரிபண்டாவின் பூர்வீகத்திலேயே மல்டிஃப்ளோரா என்ற காட்டு ரோஜா கலந்திருக்கிறது. நன்றாகப் பூக்கும் என் செடியிலும் ஏழிலைக் காம்புகள் உண்டு. உங்கள் பேச்சைக் கேட்டு யாரேனும் நல்ல தளிரை வெட்டிவிடப் போகிறார்கள். தளிர் ஒட்டுக்கு மேலே கிளம்புகிறதா, கீழே கிளம்புகிறதா என்று பார்க்க வேண்டும். மல்டிஃப்ளோரா வேர்ச்செடி என்றால் இலைக்காம்பின் அடிச்செதில் சீப்புப் பல்லாகக் கிழிந்திருக்கும், என் தொட்டியில் அப்படித்தான் இருக்கிறது. மேலே ஒட்டே இல்லாத செடியில் எதை வெட்டினாலும் ஐந்திலை எங்கிருந்து வரும்?

இவ்வளவுக்கும் உங்கள் கடைசிப் பதில்: ‘டெலிவரி ஆன 48 மணி நேரத்துக்குள் அன்பாக்சிங் வீடியோவுடன் புகார் செய்யாததால் கோரிக்கை ஏற்கப்படவில்லை’. நாடா விஷயத்தை வந்த அன்றே படத்தோடு சொன்னேன், அதை நீங்கள் கணக்கிலேயே எடுக்கவில்லை. மற்ற மூன்றுக்கு வருவோம். கவரிலிருந்து எடுத்த சாண் உயரக் குச்சியைப் பார்த்து, இது புதரா கொடியா என்று 48 மணி நேரத்தில் உங்கள் தோட்டக்காரராலேயே சொல்ல முடியாது. ஒடிந்த கிளைக்கும் வாடிய இலைக்கும் அந்தக் கெடு சரி. ரகம் மாறியிருப்பது தெரிய ஒரு பருவம் வேண்டும். விற்பவருக்கு மட்டுமே தெரியக்கூடிய விவரத்தை வாங்குபவர் இரண்டு நாளில் கண்டுபிடிக்க வேண்டும் என்று விதி போட்டால், ரகப் பெயருக்கு நீங்கள் பொறுப்பே ஏற்கவில்லை என்றுதான் ஆகிறது. ஆனால் விலை வாங்கியது அந்தப் பெயருக்குத்தான். சாதாரண நாட்டு ரோஜாவை உங்கள் தளத்திலேயே பாதி விலைக்கு விற்கிறீர்கள்.

தொட்டியைப் பற்றியும் இரண்டு வார்த்தை. சேர்த்து அனுப்பியது 8 அங்குலத் தொட்டி, அடியில் ஒரே ஓட்டை. குட்டை ரோஜாவுக்கும் குறைந்தது 12 அங்குல அகலமும் ஆழமும் வேண்டும். நான் வேறு வாங்கி வைத்தேன். துண்டுச்சீட்டில் ‘உறைபனி முடிந்ததும் பிப்ரவரி–மார்ச்சில் கவாத்து செய்யவும், ஒட்டை இரண்டு அங்குலம் புதைக்கவும்’ என்றும் இருக்கிறது. கோயம்புத்தூரில் எனக்குத் தெரிந்து உறைபனி பெய்ததில்லை. சமவெளியில் அக்டோபர் முதல் டிசம்பருக்குள் கவாத்து முடித்துவிடுவார்கள். மார்ச்சில் வெட்டினால் இளந்தளிர் சித்திரை வெயிலில் பொசுங்கும். ஒட்டைப் புதைப்பதும் பனிநாட்டுப் பழக்கம். இங்கே புதைத்தால் வேர்ச்செடித் தளிர் கிளம்புவது கண்ணிலேயே படாது.

நான் கேட்பது இவைதான். நான்கு செடிகளின் விலையையும், தொட்டிகளின் விலையையும் திருப்பித் தர வேண்டும். மாற்றுச் செடி வேண்டாம், இப்போதைக்கு உங்கள் பெயர்ப்பலகையை நம்ப எனக்குத் தெம்பில்லை. விளம்பரத்தில் புதரா கொடியா என்பதையும், எந்த வேர்ச்செடியில் ஒட்டியது என்பதையும், நம் ஊர் வெயிலில் எவ்வளவு வளரும் என்பதையும் போடுங்கள். ரகம் மாறியிருந்தால் புகார் செய்ய ஆறு மாதமாவது கெடு கொடுங்கள்.

2020ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்பு மின்வணிக விதிகளின்படி, விளம்பரப்படுத்திய தன்மை இல்லாத பொருளைத் திரும்ப எடுக்கவும் பணம் தரவும் மறுக்கக் கூடாது. புகார் கிடைத்ததை 48 மணி நேரத்துக்குள் ஒப்புக்கொண்டு, ஒரு மாதத்துக்குள் தீர்க்கவும் வேண்டும். அந்த 48 மணி நேரம் உங்களுக்கும் உண்டு. ஒரு மாதத்தில் தீர்வு வராவிட்டால் 1915 நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்துவிட்டு, மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவேன்.

நாடா, அடிச்செதில், கொடிகள், நன்றாகப் பூக்கும் செடி, உங்கள் விளம்பரப் பக்கம் ஆகியவற்றின் படங்களையும் ரசீதையும் இணைத்திருக்கிறேன். கொடிகளை எடுத்துப்போக ஆள் அனுப்புவதானால் இம்மாதக் கடைசிக்குள் அனுப்புங்கள். மேல்வீட்டு அக்கா மொட்டைமாடியில் பந்தல் போட்டு வளர்க்கக் கேட்டிருக்கிறார், அதற்குப் பிறகு அவருக்குக் கொடுத்துவிடுவேன். கொடுத்தாலும் பணம் திரும்ப வேண்டும் என்பதில் மாற்றமில்லை.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்