இன்ஜின் வேலையே போதும், கண்ணு

அன்புள்ள கண்ணுக்கு,

அம்மாவும் நானும் நலம். நீ அனுப்பிய இரண்டு லட்சம் திங்கட்கிழமையே வந்துவிட்டது. அன்றிலிருந்து கூப்பிடுகிறேன், நீ எடுக்கவில்லை. மாப்பிள்ளை எடுத்தார், "வேலையா இருக்கா மாமா" என்றார். சரி, எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

நம் லாரிக்குப் புது இன்ஜினே வாங்கிப் போடச் சொன்னாயாம். வேண்டாம் கண்ணு. ஹெட்டைக் கழற்றிப் பார்த்தாயிற்று. சிலிண்டருக்குள் பிஸ்டன் ஓடுகிற லைனரின் மேல்பக்கம் நகத்தை வைத்து இழுத்தேன், படி மாதிரி மாட்டியது. ஆறு சிலிண்டரும் அப்படித்தான் தேய்ந்திருக்கிறது. ஆயில் மூடியைத் திறந்தால் குபுகுபுவென்று புகை வந்ததும், தொப்பூர் ஏற்றத்தில் நீலப் புகை விட்டுக்கொண்டு இழுவை இல்லாமல் திணறியதும் இதனால்தான். ஆனால் பிளாக்கில் விரிசல் இல்லை. கிராங்க் தண்டு ஒரு தடவைதான் கிரைண்டிங் ஆகியிருக்கிறது, இன்னொரு சைஸ் குறைத்துத் தேய்த்தாலும் தாங்கும் என்று அளந்து பார்த்துச் சொன்னார்கள். இது இரண்டும் நன்றாக இருக்கும்போது இன்ஜினையே மாற்றுவது வேண்டாத வேலை. லைனர், பிஸ்டன், ரிங், பேரிங், ஆயில் பம்ப் புதிது போட்டு, வால்வு சீட் வேலையும் டீசல் பம்ப், நாசில் வேலையும் பார்த்தால் போதும்.

கம்பெனி இன்ஜின் விலைக்கும் இந்த வண்டி இன்றைக்குப் போகிற விலைக்கும் கணக்கு ஒத்து வராது. பழைய இன்ஜின் என்றால் அது எந்த வண்டியில் எப்படி அடிபட்டதோ! ஆர்.சி.யில் இன்ஜின் நம்பர் மாற்ற ஆர்.டி.ஓ. ஆபீசுக்கு அலைய வேண்டும். நம்பரில் வில்லங்கம் இருந்தால் தகுதிச் சான்று வாங்க எப்.சி.க்குப் போகும்போது மாட்டிக்கொள்வோம். நம் வண்டி 2012 மாடல். இரண்டு அச்சுக்கு மேல் உள்ள மல்டி ஆக்சில் லாரிக்கு, வெளி மாநிலம் ஓட்டுகிற நேஷனல் பர்மிட் 15 வருஷம்தான், 2027-ல் முடிந்துவிடும். அப்புறம் சங்ககிரி சிமெண்ட் லோடு, தமிழ்நாட்டுக்குள்ளேயே ஓட்டம். அதற்கு இந்த வேலை தாராளம். செலவுக்குச் சீட்டு எடுத்து வைத்திருக்கிறேன். உன் பணம் தேவைப்படாது.

உனக்கு இதையெல்லாம் விளக்க வேண்டியதே இல்லை. பள்ளிக்கூடத்தில் படிக்கும்போதே வாசலில் வண்டி வந்து நிற்கிற சத்தத்தை வைத்து டேப்பட் லூசு என்று சொன்னவள் நீ. பட்டறையில் இன்னும் அதைச் சொல்வார்கள், எனக்குப் பெருமையாக இருக்கும். அப்படிப்பட்டவள் அப்பாவிடம் ஒரு வார்த்தை கேட்காமல் பணத்தைப் போட்டுவிட்டாயே. அவ்வளவு பணம் சும்மா இருந்ததா என்ன? வேளைக்குச் சாப்பிடு. ஆபீஸ் வேலை என்று ராத்திரிச் சாப்பாட்டை விட்டுவிடாதே.

பாப்பா பிறந்தநாள் போட்டோவில் உன் கையில் கண்ணாடி வளையல்தான் தெரிகிறது என்றாள் அம்மா. புனேவில் பஸ்ஸில் போய் வருகிறவள், தங்க வளையல் போடாமல் இருப்பதே நல்லது என்று சொல்லி வைத்தேன். அவள் பதிலே பேசவில்லை. பெரிய அத்தை வீட்டில் நடந்ததை அவள் மறக்கவில்லை, நானும்தான்.

நீ எதையும் சொல்வதில்லை என்று எனக்குக் குறை. ஆனால் நானும் உன்னிடம் ஒன்றைச் சொல்லவில்லை. பொங்கலிலிருந்து நான் ராத்திரியில் ஓட்டுவதில்லை. எதிரில் வருகிற லைட் கண்ணைக் கூசுகிறது. ஆள் போட்டுத்தான் ஓட்டுகிறேன். நீ கவலைப்படுவாயே என்றுதான் மறைத்தேன். நீயும் அப்படித்தான் ஏதாவது நினைத்திருப்பாய்.

கிராங்க் கிரைண்டிங் முடிந்து வெள்ளிக்கிழமை வரும். பூட்டியதும் கொஞ்ச நாள் முழு லோடு ஏற்றாமல் ஓட்டி, ஆயில் மாற்றிவிட்டு அப்புறம்தான் வெளியூர். பணம் பேங்கில் அப்படியே இருக்கிறது, எடுக்கவில்லை. திங்கட்கிழமை உன் அக்கவுண்டுக்கே திருப்பிப் போடுகிறேன். எங்கேயாவது வட்டி ஓடிக்கொண்டிருந்தால் முதலில் அதை முடித்துவிடு. மாப்பிள்ளையிடம் நான் எதையும் கேட்கமாட்டேன். வேளைக்குச் சாப்பிடு. போனை எடு கண்ணு.

அன்புடன்,
அப்பா