மறுநாளே கர்துங் லாவா?

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற இதழில் வந்த லடாக் பயணக் கட்டுரையில், லேவில் விமானம் இறங்கியவர்கள் மறுநாள் காலையே காரில் கர்துங் லா கணவாய்க்கு ஏறி, படம் எடுத்துக்கொண்டு, மதியச் சாப்பாட்டுக்குத் திரும்பிவிடலாம் என்று எழுதியிருக்கிறீர்கள். படித்ததும் மனம் கொதித்துவிட்டது.

லே ஏறத்தாழ 3,500 மீட்டர் உயரம், கர்துங் லா சுமார் 5,359 மீட்டர் என்பதெல்லாம் உங்களுக்குத் தெரியாததல்ல. காற்றழுத்தம் குறைவதால் அந்த உச்சியில் ஒரு மூச்சுக்குக் கிடைக்கும் ஆக்சிஜன் கடல்மட்டத்தில் கிடைப்பதில் பாதிதான். விமானத்தில் வருபவர்கள் குறைந்தது 48 மணி நேரம் லேவில் ஓய்வெடுத்த பிறகே மேலே போக வேண்டும் என்று லடாக் நிர்வாகம் திரும்பத் திரும்பச் சொல்கிறது. அதைப் பற்றி உங்கள் கட்டுரையில் ஒரு வார்த்தை கிடையாது. உயரத்தால் வரும் நோயைத் தடுக்க டயமாக்ஸ் மாத்திரை போட்டுக்கொண்டால் போதுமாம். அந்த மாத்திரை உடல் உயரத்துக்குப் பழகுவதற்குத் துணைதான் செய்யும். ஓய்வுக்கு அது ஈடாகாது. சல்ஃபா மருந்து ஒவ்வாதவர்கள் மருத்துவரைக் கேட்காமல் அதைத் தொடவே கூடாது.

நான் ஏன் இவ்வளவு கோபப்படுகிறேன் என்றால், நீங்கள் சொன்ன அதே திட்டத்தை ஒரு பயண முகவர் எங்கள் குடும்பத்துக்குப் போட்டுக் கொடுத்தார். முதல் நாள் இரவே அண்ணிக்குத் தலைவலி. போனில் கேட்டபோது பயணக் களைப்பு, தூங்கினால் சரியாகிவிடும் என்றார் அந்த முகவர். மறுநாள் சவுத் புல்லு சோதனைச் சாவடியை நெருங்கும்போது வாந்தி. வண்டியை நிறுத்தி இறக்கினால் அண்ணியால் நேராக நாலடி வைக்க முடியவில்லை, கால் பின்னியது. எங்கள் ஓட்டுநர் லடாக்காரர். யாரையும் கேட்கவில்லை, காரைத் திருப்பிவிட்டார். நடை தடுமாறினால் மூளையில் வீக்கம் தொடங்கியிருக்கலாம், உடனே கீழே இறக்குவதுதான் முதல் சிகிச்சை என்று லே மருத்துவமனையில் சொன்ன பிறகுதான் எங்களுக்கு விஷயமே புரிந்தது. அந்த ஓட்டுநர் மட்டும் உங்கள் கட்டுரையாளர் மாதிரி மதியச் சாப்பாட்டைக் கணக்குப் போட்டிருந்தால், அண்ணியின் கதி என்னவாகியிருக்கும்?

பிறகு ஒரு கோடையில், லேவில் நன்றாக உடலைப் பழக்கிக்கொண்டு, அதே சாலையில் சைக்கிளில் ஏறினேன். ஏறத்தாழ 40 கிலோமீட்டர் ஏற்றம். சவுத் புல்லுவைத் தாண்டிய பிறகு பனி உருகிய தண்ணீர் சாலையிலேயே ஓடிக்கொண்டிருந்தது. மூச்சு வாங்கி ஓரமாக நிற்பவளின் பின்னால் வந்து ஹாரன் அடிக்கிறார்கள். வளைவுக்கு வளைவு காரை நிறுத்தி செல்ஃபி எடுக்கிறார்கள். பின்னால் இராணுவ லாரிகள் நிற்கின்றன. சியாச்சின் வரைக்கும் சரக்கு போகிற சாலை ஐயா அது. இதை எழுத உங்களுக்கு இடமில்லை. "வழியில் சைக்கிள்காரர்களையும் காணலாம்" என்று, ஏதோ காட்டெருமையைக் காட்டுவதுபோல ஒரே வரியில் எங்களை முடித்துவிட்டீர்கள்.

இது முதல் தடவையும் இல்லை. முன்பு மணாலி–லே சாலையைப் பற்றி எழுதினீர்கள். தாண்டி என்ற ஊரில் "அடுத்த பெட்ரோல் பங்க் 365 கி.மீ." என்று பலகையே வைத்திருந்த சாலை அது. எரிபொருளைப் பற்றி ஒரு குறிப்பும் இல்லாமல் கட்டுரை வந்தது. அப்போதே கடிதம் எழுதினேன், நீங்கள் வெளியிடவில்லை. அப்புறம் கர்துங் லாவுக்கு நீங்கள் கொடுத்த இந்த "உலகின் மிக உயரமான வாகனச் சாலை" என்ற தலைப்பு! 18,380 அடி என்று பலகையில் எழுதியிருந்ததை எத்தனை காலத்துக்குத்தான் நகலெடுப்பீர்கள்? ஜி.பி.எஸ். அளவீட்டில் அது ஏறத்தாழ 17,580 அடிதான். லடாக்கிலேயே 19,024 அடியில் உம்லிங் லா கணவாய் வழியாக எல்லைச் சாலைகள் அமைப்பு போட்ட சாலைக்கு 2021-இல் கின்னஸ் சான்றிதழ் கிடைத்த செய்தி எல்லா நாளிதழ்களிலும் வந்தது. உங்கள் அலுவலகத்துக்கும் நாளிதழ்கள் வரும் என்றுதான் நினைக்கிறேன்.

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. அடுத்த இதழில் ஒரு சின்னக் கட்டம். லேவில் முதல் 48 மணி நேரம் ஓய்வு. தலைவலி இருந்தால் மேலே ஏறக் கூடாது. வாந்தி, நடைத் தடுமாற்றம், உட்கார்ந்திருக்கும்போதே மூச்சுத் திணறல் எது வந்தாலும் உடனே கீழே இறங்க வேண்டும். உச்சியில் இருபது, இருபத்தைந்து நிமிடத்துக்கு மேல் நிற்கக் கூடாது. அதோடு உயரத்தையும் திருத்திப் போடுங்கள். கடைசிப் பக்கத்தின் மூலையில் வேண்டாம், அந்தக் கட்டுரை வந்த அதே பக்கத்தில் வெளியிடுங்கள். உங்கள் இதழைப் பார்த்து இந்தக் கோடைக்கு டிக்கெட் எடுத்தவர்கள் கிளம்புவதற்குள் அது வர வேண்டும்.

இப்படிக்கு,
உங்கள் நெடுநாள் வாசகி