ஏற்காட்டு உயரத்துக்கும் சேகோ ஆலைத் தொட்டிக்கும் ஏற்ற பயிற்சி வேண்டும்: தீயணைப்புத் துறைக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாடு தீயணைப்பு மற்றும் மீட்புப் பணிகள் துறையின் பயிற்சிப் பிரிவுக்கும் சேலம் மாவட்ட அலுவலகத்துக்கும்,

வணக்கம்.

ஏப்ரல் 14 தொடங்கி ஆண்டுதோறும் தீத்தொண்டு வாரம் நடக்கிறது. எண்ணெய்த் தட்டில் தீ மூட்டி நுரை அடிப்பதும், மாடியிலிருந்து கயிற்றில் ஆளை இறக்குவதும் மக்கள் பார்க்க வேண்டியவைதான். ஆனால் அதைப் பயிற்சிக் கணக்கில் எழுதக்கூடாது. வேலையில் சேரும்போது வீரர் கற்பது எல்லா ஊருக்கும் பொதுவானது. அதற்குப் பிறகு தரும் பயிற்சி, அவர் நிற்கும் ஊரின் ஆபத்தைப் பார்த்து அமைய வேண்டும்.

முதலில் பம்ப். ஏற்காடு சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. பம்ப் தண்ணீர் உறிஞ்சும் குழாயான சக்ஷன் ஹோஸுக்குள் தண்ணீரை ஏற்றுவது வெளிக்காற்றின் அழுத்தம். மலையில் அது குறைவு. கடல் மட்டத்தில் கணக்குப்படி 10.3 மீட்டர் ஏறும் தண்ணீர் அங்கே 8.6 மீட்டர்தான் ஏறும். உராய்வையும் கசிவையும் கழித்தால், கீழே 7 மீட்டர் ஆழத்திலிருந்து எடுக்கும் பம்ப் மேலே ஐந்தரை மீட்டரிலேயே திணறும். பிரைமிங் செய்யும்போது, அதாவது ஹோஸில் உள்ள காற்றை வெளியேற்றும்போது, வெற்றிடத்தை அளக்கும் வாக்குவம் கேஜின் முள்ளும் சேலத்தில் காட்டுவதைவிடச் சுமார் 100 மி.மீ. பாதரசம் குறைவாக நின்றுவிடும். இது தெரியாத ஆபரேட்டர் கசிவு என்று நினைத்து ஹோஸ் இணைப்புகளான கப்ளிங்குகளை ஒவ்வொன்றாகக் கழற்றி வாஷரைத் தேடுவார். தெரிந்தவரோ உண்மையான கசிவையும் 'மலைதானே' என்று விட்டுவிடக்கூடும். ஆகவே ஒவ்வொரு வண்டியையும் ஏற்காட்டிலேயே பிரைம் செய்து, முள் நின்ற அளவைப் பம்ப் பலகையில் பெயின்டால் எழுதி வையுங்கள். செலவே இல்லாத வேலை இது. தண்ணீரை வெளியே தள்ளும் டெலிவரி பக்கத்தில், 10 மீட்டர் ஏற்றத்துக்கு 1 பார் அழுத்தம் போய்விடும் என்பதை எஸ்டேட் சரிவில் ஹோஸ் விரித்துக் காட்ட வேண்டும்.

அடுத்தது, எங்களை அதிகம் கவலைப்பட வைப்பது: குச்சிக்கிழங்கை அரைத்து ஜவ்வரிசி செய்யும் சேகோ ஆலைகளின் கழிவுநீர்த் தொட்டி, சாண எரிவாயுக் குழி, வீட்டு செப்டிக் டேங்க். இவற்றில் முதலில் விழுந்தவரைவிட, காப்பாற்றக் குதித்தவர்களே அதிகம் சாவது உண்டு. இவற்றில் சேரும் நச்சு வாயுவான ஹைட்ரஜன் சல்பைடு 100 பிபிஎம் (காற்றில் பத்து லட்சத்தில் 100 பங்கு) அளவைத் தொட்டால் மூக்கு மரத்துப்போகும். 'நாற்றம் குறைந்துவிட்டது' என்று யாராவது சொன்னால் அதுதான் அபாயம். கேஸ் டிடெக்டரைக் கயிற்றில் கட்டி மேல், நடு, அடி என மூன்று இடத்திலும் நிறுத்தி, அளவு நிலைக்கும்வரை பொறுத்துப் படிக்க வேண்டும். ஒருமுறை பார்த்தது போதாது. சேற்றில் கால் வைத்துக் கலக்கியதுமே அடைபட்ட வாயு வெளியேறும்.

முதுகில் காற்றுச் சிலிண்டரோடு மாட்டும் மூச்சுக்கருவியின் கணக்கும் கைக்கு வரவேண்டும். 6.8 லிட்டர் சிலிண்டரை 300 பாருக்கு நிரப்பினால் சுமார் 2,000 லிட்டர் காற்று. நிமிடத்துக்கு 40 லிட்டர் என்றால் 50 நிமிடம். ஆளைத் தூக்கிக்கொண்டு ஏணி ஏறுபவர் 80 லிட்டரையும் தாண்டுவார், நேரம் பாதியாகிவிடும். 55 பாரில், காற்று தீரப்போவதை எச்சரிக்கும் விசில் அடிக்கும்போது அவருக்கு மிஞ்சுவது ஐந்து நிமிடத்துக்கும் குறைவு. அதனால் விசிலுக்குக் காத்திருக்கக்கூடாது. இறங்க 40 பார் செலவானால், சுமையோடு ஏற அதன் இரு மடங்கு, அதாவது 80. அதோடு 55 சேர்த்து 135 பார் வந்ததுமே திரும்ப வேண்டும். வெளியே பலகையில் பெயர், அழுத்தம், உள்ளே போன நேரம் எழுதுபவருக்கு வேறு வேலையே தரக்கூடாது. கயிறு இழுக்க ஆள் போதாமல் அவரையும் கூப்பிடுவதுதான் டிரில்களில் வழக்கமாக நடக்கும் தவறு. தொட்டி வாய் இரண்டடிதான் இருந்தால் முதுகில் சிலிண்டரோடு நுழைய முடியுமா என்பதைப் பயிற்சியிலேயே பார்த்துவிட வேண்டும். வாய் சிறிது என்பதற்காக உள்ளே மூச்சுக்கருவியைக் கழற்றக்கூடாது. கிணற்றில் தண்ணீர் இறைக்க டீசல் இன்ஜினைக் கீழே இறக்குவதும் இதே வகைச் சாவுதான், அங்கே கொல்வது இன்ஜின் புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடு.

ஏற்காடு அமைந்துள்ள சேர்வராயன் மலையின் காட்டுத்தீக்கு வனத்துறையோடு கூட்டாக டிரில் நடக்கட்டும். சரிவு 10 பாகை கூடினால் மேல்நோக்கி ஓடும் தீயின் வேகம் ஏறக்குறைய இரட்டிக்கும். 20 பாகையில் நான்கு மடங்கு. தீக்கு மேலே ஆளை நிறுத்தாதீர்கள். கருகி முடிந்த பக்கத்திலிருந்து ஓரமாக ஏறுவதே முறை. 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணியில் மலையேறச் சென்றவர்கள் காட்டுத்தீயில் சிக்கி இறந்ததற்குப் பிறகு இதை விளக்கத் தேவையில்லை.

நாங்கள் கேட்பது இவைதான். ஒவ்வொரு நிலையத்துக்கும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை, முன்னறிவிப்பின்றி, அவற்றில் ஒன்றையாவது இரவில், கடிகாரம் வைத்து டிரில் நடத்துங்கள். அந்த நேரத்தில் பக்கத்து நிலைய வண்டி அந்த எல்லையைப் பார்த்துக்கொள்ளட்டும். பயிற்சிக்கென்று தனி சிலிண்டர்களை ஒதுக்குங்கள். இல்லையென்றால் அவசரத்துக்கு வேண்டுமே என்று யாரும் வால்வைத் திறக்கமாட்டார்கள். டிரிலில் தடுமாறியதை எழுதும் ஏட்டைத் தண்டனைக்குப் பயன்படுத்தாதீர்கள், பயன்படுத்தினால் அதில் ஒருவரும் உண்மை எழுதமாட்டார்கள். முதல் சுற்றை ஜனவரிக்குள் ஏற்காட்டில் முடித்துவிட்டால், காடு காயும் பிப்ரவரிக்கு முன் பம்ப் பலகைகளில் அளவு ஏறியிருக்கும்.

இப்படிக்கு,
தீயணைப்புப் பயிற்சியில் ஈடுபட்டுள்ள சேலத்தார் சிலர்