நகைக்கடனுக்குத் தெரிகிற தமிழ்: எங்கள் வங்கிக் கிளை மேலாளருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய கிளை மேலாளர் அவர்களுக்கு,

வணக்கம். தேரடித் தெரு முக்கில் இருக்கும் உங்கள் கிளையில் என் அம்மாவுக்கு முப்பத்தோரு வருடமாகக் கணக்கு இருக்கிறது. அப்பா மின்வாரியத்தில் வேலை பார்த்த காலத்தில் திறந்தது. வரிப் பணம் திரும்ப வருகிறது என்ற போலி மெசேஜில் பணத்தை இழந்துவிட்டு, 2024 அக்டோபர் 14, திங்கட்கிழமை காலை அம்மா உங்கள் கிளைக்கு வந்தபோது நடந்தது உங்களுக்கே தெரியும். கண்ணாடி அறைக்குள் நீங்கள் இருந்ததாக அம்மா சொன்னார். அதனால் புகார் மனுவில் எழுதியதையே திரும்ப எழுதப் போவதில்லை. மனுவில் இடம் இல்லாததால் விட்டுப்போனதை மட்டும் எழுதுகிறேன்.

கேட்க வந்தது ஒன்றுதான். வைப்புத்தொகை வட்டியில் நீங்கள் டிடிஎஸ், அதாவது முன்கூட்டியே வருமான வரி, பிடிக்கும் அன்றே வாடிக்கையாளருக்குத் தமிழில் ஒரு மெசேஜ் போகட்டும். இவ்வளவு பிடித்திருக்கிறோம், உங்களுக்கு வரி இல்லையென்றால் வருமான வரி ரிட்டன் போட்டபின் தானாகக் கணக்குக்கு வந்துவிடும், அதற்கு எந்த லிங்கையும் தொட வேண்டாம், எந்த ஆப்பும் இறக்க வேண்டாம், யாராவது கேட்டு நீங்கள் ஏமாந்துவிட்டால் உடனே சைபர் மோசடி உதவி எண்ணான 1930-க்குப் பேசுங்கள். நாலே வரி.

வரித்துறையிடமும் போலீஸிடமும் கேட்க வேண்டியதை உங்களிடம் ஏன் கேட்கிறேன் என்று தோன்றலாம். இந்தக் கதை தொடங்கியது உங்கள் கவுன்ட்டரில் இருக்கும் நீல நிற ட்ரேயில்.

2023 ஏப்ரல் முதல் வாரம் அம்மா 15எச் படிவத்தை அதில்தான் கொடுத்தார். அப்பா போனபிறகு வந்த பணத்தில் 12 லட்சம் உங்களிடம் ஏழரை வட்டிக்கு இருக்கிறது. வருடத்துக்குத் தொண்ணூற்று இரண்டாயிரத்துச் சொச்சம் வட்டி. குடும்ப ஓய்வூதியம் மாதம் 14,000. எல்லாம் கூட்டினாலும் 3 லட்சத்தைத் தொடாது, ஒரு பைசா வரி கிடையாது. அதைச் சொல்வதற்குத்தான் அந்தப் படிவம். கவுன்ட்டரில் இருந்தவர் வாங்கி ட்ரேயில் போட்டார். 'சீல் வைத்து ஒரு நகல் கொடுங்க சார்' என்று கேட்க அம்மாவுக்குக் கூச்சம். முப்பது வருடப் பழக்கம் அல்லவா. படிவம் ட்ரேயிலிருந்து எந்த வழியில் போனதோ, கணினிக்கு மட்டும் போகவில்லை. நான்கு தவணையாக மொத்தம் 9,256 ரூபாய் பிடித்தம் ஆனது. அம்மாவின் இருபது நாள் ஓய்வூதியம் அது. பாஸ்புக்கில் மூன்று ஆங்கில எழுத்தைப் பார்த்துவிட்டு, 'இது ஏதோ சர்வீஸ் சார்ஜ் போல' என்று அவர் பல மாதம் நினைத்துக்கொண்டிருந்தார்.

அப்புறம் ஆடிட்டர் ஆபீசில் 500 ரூபாய் கொடுத்து 2024 ஜூலையில் ரிட்டன் போட்டோம். அன்றிலிருந்து அம்மா காத்திருந்தார். நான் கோயம்புத்தூரிலிருந்து ராத்திரி போன் செய்தால், பேரன் சாப்பிட்டானா என்பதற்கு அடுத்த கேள்வி 'ரீஃபண்ட் வந்திருச்சா, பார்த்தியா?' என்பதுதான்.

அந்த மெசேஜ் வந்தது அக்டோபர் 11, வெள்ளிக்கிழமை, ஆயுத பூஜை அன்று. 15,490 ரூபாய் வருமான வரி ரீஃபண்டுக்கு ஒப்புதல் ஆகிவிட்டது, சீக்கிரம் கணக்கில் வரவாகும் என்று ஆங்கிலத்தில். பக்கத்து வீட்டில் ஒன்பதாவது படிக்கிற பெண் படித்துச் சொன்னாள். லாட்டரி விழுந்தது என்று வந்திருந்தால் அம்மா சிரித்துவிட்டு அழித்திருப்பார். இது அவருக்கு வரவேண்டிய பணம். தொகை கூடுதலாக இருக்கிறதே என்று ஒரு கணம் யோசித்திருக்கிறார். 'இத்தனை மாசம் வச்சிருந்தாங்கல்ல, வட்டி போட்டிருப்பாங்க' என்று தானே பதிலும் சொல்லிக்கொண்டார். ரீஃபண்டுக்கு அரசு தரும் வட்டி மாதம் அரை சதவீதம். அம்மாவின் பணத்துக்கு மாதம் 46 ரூபாய். அது அவருக்கு எப்படித் தெரியும்? வட்டி என்றால் என்னவென்று அவருக்குச் சொல்லித் தந்ததே நீங்கள்தான்.

மெசேஜின் அடுத்த வரியைத்தான் நான் பலமுறை எடுத்துப் பார்த்தேன். 5-இல் தொடங்கி 6777-இல் முடியும் ஒரு கணக்கு எண், நடுவில் எல்லாம் பெருக்கல் குறிகள். இந்த எண்ணைச் சரிபார்க்கவும், தவறாக இருந்தால் கீழே உள்ள லிங்கில் திருத்தவும். அது அம்மாவின் எண் இல்லை. யாருடைய எண்ணும் இல்லை. வேண்டுமென்றே தப்பாகப் போட்டிருக்கிறார்கள். தப்பான எண்ணைப் பார்த்ததும் சந்தேகம் வரவில்லை, பதற்றம் வந்தது. தன் பணம் வேறு யாருக்கோ போய்விடுமே என்று. நானாக இருந்தாலும் பதறியிருப்பேன்.

உண்மையில் ரீஃபண்ட் போகவேண்டிய கணக்கு, வருமான வரி இணையதளத்தில் முன்கூட்டியே சரிபார்த்து வைத்த கணக்குதான். அதில் தப்பு இருந்தால் நாமாக உள்ளே நுழைந்து திருத்துவோம். மெசேஜில் லிங்க் அனுப்பிக் கார்டு நம்பரும் பின் நம்பரும் கேட்கும் வழக்கம் வரித்துறைக்குக் கிடையாது. வந்த மெசேஜோ சாதாரணப் பத்து இலக்க செல்போன் எண்ணிலிருந்து வந்தது. லிங்கின் தொடக்கத்தில் 'இன்கம்டாக்ஸ்' என்று இருந்தது, முடிவில் 'டாட் ஜிஓவி டாட் இன்' இல்லை. இதெல்லாம் பணம் போனபிறகு உட்கார்ந்து நான் கற்றுக்கொண்டது.

இதே 15,490 ரூபாய் மெசேஜைப் போலி என்று மத்திய அரசின் பிஐபி உண்மை சரிபார்ப்புப் பிரிவு 2023-லேயே அறிவித்துவிட்டது. ரீஃபண்ட் பெயரைச் சொல்லி ஆப் இறக்க வைத்து, போனுக்கு வரும் எஸ்எம்எஸ்களைத் திருடும் டிரினிக் என்ற வைரஸைப் பற்றி மத்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2021 செப்டம்பரிலேயே எச்சரித்தது. 27-க்கும் மேற்பட்ட வங்கிகளின் வாடிக்கையாளர்கள் குறிவைக்கப்பட்டதாகச் சொன்னது. அந்த எச்சரிக்கைகள் உங்கள் தலைமை அலுவலகத்துக்குக் கட்டாயம் வந்திருக்கும். அங்கிருந்து தேரடித் தெருவுக்கு வர மூன்று வருடம் போதவில்லை.

அம்மா விஷயத்திலும் அதே வேலைதான். லிங்கைத் திறந்ததும் சிங்க முத்திரையோடு ஒரு பக்கம். பான், கணக்கு எண், ஏடிஎம் கார்டு விவரம், பின். அப்புறம் ஒரு ஆப். எல்லாம் முடிந்ததும் 'அப்டேட் ஆகிறது, காத்திருக்கவும்' என்று ஒரு வட்டம் சுற்றிக்கொண்டே இருந்திருக்கிறது. சுற்றட்டும் என்று அம்மா போனைப் பூஜைக்கு வைத்துவிட்டார். தையல் மெஷின், அரிவாள்மனை, அப்பாவின் பழைய டெஸ்டர், அதற்குப் பக்கத்தில் போன். எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம். பொட்டு வைத்த அந்தப் போனிலிருந்துதான் மூன்று நிமிட இடைவெளியில் 25,000, அப்புறம் 23,500 ரூபாய் போனது. ஓடிபி வந்ததையும் அந்த ஆப்பே படித்துக்கொண்டது. அம்மா அப்போது அடுப்பில் சுண்டல் தாளித்துக்கொண்டிருந்தார்.

சாயங்காலம்தான் பார்த்தார். பாஸ்புக்கில் இருந்த கிளையின் லேண்ட்லைனுக்கு அடித்தார். வெள்ளி ஆயுத பூஜை, சனி விஜயதசமியும் இரண்டாம் சனியும், அப்புறம் ஞாயிறு. மூன்று நாளும் அந்த எண்ணுக்கு அடித்திருக்கிறார். எங்களிடம் சொல்லவில்லை. 'உன் வீட்டுக்காரர் என்ன நினைப்பார்' என்று பயம். ராத்திரி நான் போன் செய்தபோது வழக்கம்போலப் பேரனைப் பற்றிக் கேட்டார். ரீஃபண்டைப் பற்றி மட்டும் கேட்கவில்லை. அது எனக்கு உறைக்கவே இல்லை.

திங்கட்கிழமை ஒன்பதரைக்கே வந்து உங்கள் ஷட்டர் முன்னால் நின்றார். உள்ளே போனதும் ஓர் அலுவலர், ஹாலில் இருந்த அத்தனை பேருக்கும் கேட்கும்படி, 'ஓடிபி யாருக்கும் சொல்லக்கூடாதுன்னு எத்தனை தடவை சொல்றோம், ஏம்மா சொன்னீங்க?' என்று கேட்டாராம். அம்மா யாருக்கும் ஓடிபி சொல்லவில்லை. அதை விளக்க அவருக்கு வார்த்தை தெரியவில்லை, மஞ்சப்பையைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஏலச்சீட்டு போடும் பெண்கள், அவரிடம் ஒரு காலத்தில் தையல் படித்த பெண், எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். 48,500 ரூபாய் போனதைப் பற்றி அம்மா இப்போது பேசுவதில்லை. அந்தக் கேள்வியைப் பற்றி இன்னும் பேசுகிறார்.

1930 என்ற எண்ணை அவருக்குச் சொன்னது உங்கள் அலுவலர்களில் ஒருவரும் இல்லை. வாசலில் துப்பாக்கியோடு உட்கார்ந்திருக்கும் காவலாளி அண்ணன்தான் பணம் கட்டும் சலானின் பின்பக்கம் எழுதிக் கொடுத்தார். அவருக்கு என் நன்றியைச் சொல்லிவிடுங்கள். பணம் போன சூட்டோடு அந்த எண்ணுக்குச் சொன்னால், அது போய்ச் சேர்ந்த கணக்கிலேயே நிறுத்திவைக்க வாய்ப்பு உண்டு. மூன்று நாள் கழித்துச் சொன்னதில் 6,200 ரூபாய்தான் சிக்கியது. அதுவும் இன்னும் கைக்கு வரவில்லை.

ரிசர்வ் வங்கியின் 2017 ஜூலை 6 சுற்றறிக்கையை நீங்கள் என்னைவிட நன்றாக அறிவீர்கள். இதுபோன்ற மோசடிகளைத் தெரிவிக்க 24 மணி நேரமும் வழி இருக்க வேண்டும் என்றது. வங்கி அனுப்பும் எச்சரிக்கை மெசேஜுக்கே பதில் அனுப்பிப் புகார் செய்யும் வசதி வேண்டும் என்றது. உங்களிடம் கட்டணமில்லா எண் இருக்கிறது, இல்லை என்று சொல்லவில்லை. ஏடிஎம் கார்டின் பின்னால், எறும்பு சைஸ் ஆங்கிலத்தில். அறுபத்தேழு வயதுக் கண்ணுக்கு அது எழுத்தே இல்லை, கோடு.

தமிழில் மெசேஜ் அனுப்ப உங்கள் கணினிக்குத் தெரியாது என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். ஆடி மாதம் வந்தது: 'உங்கள் தங்கம், உங்கள் தேவைக்கு! குறைந்த வட்டியில் நகைக்கடன்.' அழகான தமிழ், ஒற்றுப்பிழைகூட இல்லை. தீபாவளிக்குக் காப்பீடு, பொங்கலுக்கு வாகனக் கடன், எல்லாம் தமிழில்தான். நாங்கள் பணம் வாங்க வேண்டும் என்றால் தமிழ், எங்கள் பணத்தை நீங்கள் பிடித்தால் ஆங்கிலம். அம்மாவுக்கு உங்கள் ஆங்கிலமும் திருடனின் ஆங்கிலமும் ஒன்றுபோலத்தான் தெரிகிறது. உங்கள் டிடிஎஸ் மெசேஜ் ஒரே ஒருமுறை தமிழில் வந்திருந்தால், இந்த ரீஃபண்ட் எப்படி வரும் என்று அவருக்கு முதலிலேயே தெரிந்திருக்கும்.

கிளையில் நுழைந்ததும் வலது பக்கம் ஒரு வெள்ளைப் பலகை இருக்கிறதே. அதில் தினமும் யாரோ சிரத்தையாக இன்றைய இந்திச் சொல் என்று எழுதி அர்த்தமும் போடுகிறார்கள். போன வாரம் நான் வந்தபோது 'சாவ்தான்' என்று எழுதியிருந்தது. எச்சரிக்கை என்று அர்த்தமாம். எதற்கு எச்சரிக்கை என்று எழுதவும் கீழே இடம் நிறைய இருந்தது.

கொஞ்சம் தடித்துவிட்டேன், மன்னிக்கவும். விண்ணப்பத்துக்கு வருகிறேன்.

மெசேஜ் எல்லாம் தலைமை அலுவலகத்தின் கையில் என்பீர்கள். சரி, இந்த மடலை உங்கள் பரிந்துரையோடு அங்கே அனுப்பிவையுங்கள். அது வரும்வரை உங்கள் கையில் இருப்பதைச் செய்யுங்கள். அந்தப் பலகையில் பாதியை ஒதுக்கி, ரீஃபண்ட் தானாக வரும், லிங்க் கிடையாது, 1930 என்று பெரிய எழுத்தில் எழுதிவையுங்கள். வரி இல்லை என்று சொல்லும் படிவத்தை வாங்கினால் சீல் வைத்த நகலை வாடிக்கையாளர் கேட்காமலே கொடுங்கள்.

2025 ஏப்ரல் 1 முதல் மூத்த குடிமக்களுக்கு டிடிஎஸ் வரம்பு 50,000-லிருந்து ஒரு லட்சமாகிவிட்டது. அம்மாவின் வட்டி அதற்குள் அடங்கிவிடும், அவருக்கு இனி இந்தத் தொல்லை இல்லை. எனவே இது அவருக்காகக் கேட்பதும் இல்லை. உங்கள் கிளையில் அவரைவிடக் கொஞ்சம் கூடுதலாகப் போட்டு வைத்திருக்கும் ஓய்வு பெற்ற ஆசிரியர்களும் கண்டக்டர்களும் இருக்கிறார்கள். அவர்களுக்குப் பிடித்தம் தொடரும். ரீஃபண்டுக்குக் காத்திருப்பார்கள். பிடிக்கும் அன்றே தமிழில் அந்த நாலு வரியை அனுப்பிவிடுங்கள், தயவுசெய்து.

உண்மையான ரீஃபண்ட் நவம்பரில் வந்தது, வட்டியோடு 9,620 ரூபாய். எந்த லிங்கையும் யாரும் தொடவில்லை. வரவாகிவிட்டது என்று உங்கள் வங்கியிலிருந்து ஆங்கிலத்தில் மெசேஜ் வந்ததும் அம்மா போனை அணைத்துவிட்டு எனக்குப் பக்கத்து வீட்டுப் போனிலிருந்து பேசினார், 'மறுபடியும் அவனுங்கதான்டி' என்று. பணம் வந்திருக்கிறது, பாஸ்புக் என்ட்ரி போட்டுப் பாருங்கள் என்றேன். உங்கள் கிளைக்குள் வரமாட்டேன் என்றுவிட்டார். அடுத்த வாரம் நான் ஊருக்கு வந்து போட்டுக் காட்டினேன்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர் ஒருவரின் மகள்